பங்கசுவை வென்ற மருந்தின் கதை

"நம் முன்னோர் இம்மலைகளுக்கு எதற்காக வந்தனர்?" என்று மலையகத்துப் பாடசாலையில் ஒரு மாணவனைக் கேட்டால், "தேயிலை கொய்வதற்காக" என்று உடனே விடை கூறுவான். அந்த விடை பாதி உண்மையே. மன்னார்க் கரையில் இறங்கி, காட்டு வழியே மாத்தளை நோக்கி நடந்து வந்த முதல் தலைமுறையினர் தேயிலைக்காக வரவில்லை, கோப்பிக்காக வந்தார்கள். ஜேம்ஸ் டெயிலர் என்னும் ஸ்கொத்லாந்துக்காரர் 1867ஆம் ஆண்டிலே லூல்கந்துரவில் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்டபோது, அதனை ஒரு பரிசோதனை என்றே யாவரும் எண்ணினர். கோப்பியே அந்நாளில் இலங்கைக்குச் செல்வம் தந்தது.

அந்தச் செல்வத்தை அழித்தது படையும் அன்று, பஞ்சமும் அன்று. கண்ணுக்குப் புலப்படாத ஒரு பங்கசு. 1869ஆம் ஆண்டில் கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறமான தூள் படிந்திருக்கக் கண்டனர். இலங்கையிலிருந்து சென்ற இலைகளை ஆராய்ந்த பேர்க்லி என்னும் ஆங்கில அறிஞர், அதற்கு ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார். பெயரின் பிற்பகுதிக்குப் பாழாக்குவது என்று பொருள். 1880இல் மார்ஷல் வோர்ட் என்னும் இளம் விஞ்ஞானி இங்கு வந்து, இரண்டாண்டு காலம் தங்கி, அப்பங்கசு காற்றிலே பரந்து இலையினுள் புகும் விதத்தைத் துலக்கிக் காட்டினார். ஆயினும் கோப்பியைக் காப்பாற்ற இயலவில்லை. தோட்டங்கள் வீழ்ந்தன, அவ்விடத்தே தேயிலை எழுந்தது. ஆகவே, இம்மலைகளில் நாம் இன்று காணும் பசுமைக்கு ஒரு வகையில் ஒரு பங்கசுவே காரணம் எனலாம்.

பின்னர் 1946இல் தேயிலைக்கும் அவ்விதமே சோதனை வந்தது. கொப்புள நோய் எனப்படும் பங்கசு நோய் கொழுந்தைத் தாக்கிற்று. இம்முறை நாடு ஆயத்தமாக இருந்தது. தலவாக்கலையில் இருந்த தேயிலை ஆராய்ச்சி நிலையத்தார் செப்பு மருந்து தெளிக்கும் முறைகளை வகுத்தனர், தேயிலை பிழைத்தது. மருந்து தெளிப்பதில் அளவும் காலமும் தவறலாகாது என்பதைத் தோட்டத்தார் அன்றே கற்றனர். குறைந்தால் நோய் போகாது. மிகுந்தால் கொழுந்து கெடும்.

இலையைத் தாக்கும் பங்கசுவின் வரலாற்றை நாம் ஓரளவு அறிவோம். மனித உடலைத் தாக்கும் பங்கசுவின் வரலாற்றையும், அதற்கெதிராகக் கண்டுபிடிக்கப்பட்ட மருந்துகளின் வரலாற்றையும் அறிந்தவர் சிலரே. இன்று அதனைப் பற்றிச் சில கூற விரும்புகின்றேன்.

பங்கசு இனத்திலே மதுவம் என ஒரு பிரிவு உண்டு. அப்ப மாவில் சிறிது கள்ளை விட்டு வைத்தால், மறுநாட் காலையில் மா பொங்கி நிற்கின்றதே, அது மதுவத்தின் வேலை. பாண் பொங்குவதும் அதனாலேதான். இவை நமக்கு நன்மை செய்யும் மதுவங்கள். இவற்றின் உறவினமான கன்டிடா என்னும் மதுவம் நம் வாயிலும், குடலிலும், தோலிலும் சாதுவாகக் குடியிருந்து வருகின்றது. உடல் நலமாக உள்ளவரை அதனால் தீங்கு இல்லை. உடல் தளரும்போது அது பெருகும். கைக்குழந்தையின் நாவில் வெண்மையாகப் படியும் அக்கரம் பெரும்பாலும் அதன் செயலே. கிரேக்க வைத்தியர் ஹிப்போகிரேட்டஸ் காலத்திலேயே இந்நோய் அறியப்பட்டிருந்தது. பெண்களுக்கு உண்டாகும் வெள்ளைபடுதலிலும் அரிப்பிலும் ஒரு பகுதிக்கு இதுவே காரணம். இவையெல்லாம் மேற்பரப்பு நோய்கள். பூசும் மருந்தாலும் மாத்திரையாலும் குணமாவன. நரம்பு வழியே மருந்து ஏற்றும் தேவை இவற்றுக்குச் சாதாரணமாக எழுவதில்லை.

ஆனால் இதே மதுவம் இரத்தத்தினுள் புகுந்துவிட்டால் நிலைமை முற்றிலும் வேறாகின்றது. பெரிய சத்திர சிகிச்சைக்குப் பின் தீவிர சிகிச்சைப் பிரிவில் பல நாள் கிடப்பவர், கழுத்து நரம்பில் குழாய் பொருத்தப்பட்டவர், புற்றுநோய் மருந்து பெறுபவர், தீக்காயம் பட்டவர், மாதம் நிறைவதற்கு முன் பிறந்த சிசு, இவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம். இரத்தத்தில் கன்டிடா புகுந்தவருள் பத்தில் மூவர் அல்லது நால்வர் உயிரிழப்பதாக வைத்திய நூல்கள் கூறுகின்றன. மேலும், இரத்தத்தை வளர்ப்பூடகத்தில் இட்டுச் சோதித்தாலும் ஏறத்தாழப் பாதிப் பேருக்கே நோய் வெளிப்படும்.

இந்நோய் பெருகியதற்கு ஒரு விசித்திரமான காரணம் உண்டு. 1940களில் பென்சிலினும் அதனைத் தொடர்ந்து பிற நுண்ணுயிர்கொல்லிகளும் வந்தன. அவை பற்றீரியாவைக் கொன்று கோடிக்கணக்கான உயிர்களைக் காத்தன. ஆனால் மதுவத்தை அவை ஒன்றும் செய்யவில்லை. வயலிலே நெல்லையும் களையையும் ஒருங்கே அழித்துவிட்டால், எஞ்சிய ஏதோ ஒரு பூண்டு வயல் முழுவதும் பரவுமல்லவா? அதுபோல, குடலிலிருந்த பற்றீரியாக்கள் மறைந்த இடத்திலே கன்டிடா பரவிற்று. ஒரு நோயை வென்ற மருந்தே மற்றொரு நோய்க்கு வாயிலைத் திறந்தது. ஆகவே, பங்கசுவைக் கொல்லும் மருந்தொன்று அவசரமாகத் தேவைப்பட்டது.

அம்மருந்தைத் தேடிப் புறப்பட்டவர்கள் இரண்டு பெண்மணிகள். எலிசபெத் லீ ஹேசன் என்பவர் 1885இல் அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் பிறந்தவர். மழலைப் பருவத்திலேயே தாய் தந்தையரை இழந்து உறவினரால் வளர்க்கப்பட்டவர். ரேச்சல் ஃபுல்லர் பிரவுன் என்பவர் 1898இல் பிறந்தவர். தந்தை குடும்பத்தை விட்டு நீங்கியபின், குடும்பத்துக்கு வேண்டிய ஒரு பெரியம்மையாரின் பொருளுதவியாலே கல்லூரியிற் கற்றவர். வறுமையும் ஆதரவின்மையும் கல்விக்குத் தடையாகும் என்பது உண்மையே. ஆயினும் காலமறிந்து நீளும் ஒரு கை அத்தடையை நீக்கிவிடும் என்பதற்கு இவ்விருவரும் சான்று.

இருவரும் நியூயோர்க் மாநிலச் சுகாதாரத் திணைக்களத்தில் பணியாற்றினர். ஹேசன் இருந்தது நியூயோர்க் நகரில். பிரவுன் இருந்தது ஏறத்தாழ 240 கிலோமீற்றர் தொலைவிலுள்ள ஒல்பனியில். 1948ஆம் ஆண்டளவில் இவர்கள் கூட்டாக ஆராயத் தொடங்கினர். ஹேசன் பல இடங்களிலிருந்து மண் திரட்டி, அதிலுள்ள நுண்ணுயிர்களை வளர்த்து, அவற்றுள் எவை பங்கசுவை எதிர்க்கின்றன என்று பார்ப்பார். எதிர்ப்பவற்றைக் கண்ணாடிச் சாடியிலிட்டுத் தபாலில் அனுப்புவார். பிரவுன் அதிலிருந்து மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்துத் தபாலிலேயே திருப்பி அனுப்புவார். ஹேசன் அதனை எலிகளுக்குக் கொடுத்துச் சோதிப்பார். பங்கசுவைக் கொன்றவற்றுட் பல எலியையும் கொன்றன. இந்தத் தபால் பரிமாற்றம் சலிப்பின்றி நடைபெற்றது.

விடுமுறைக்கு வர்ஜீனியாவில் நண்பரொருவரின் பண்ணைக்குச் சென்ற ஹேசன், அங்கிருந்தும் சிறிது மண் எடுத்து வந்தார். அம்மண்ணிலிருந்த நுண்ணுயிர் ஒன்றிலே அவர்கள் தேடிய மருந்து கிடைத்தது. 1950இல் அக்கண்டுபிடிப்பை வெளியிட்டனர். நியூயோர்க் மாநிலத்தின் பெயரை நினைவூட்டும் வகையில் அதற்கு நிஸ்டாட்டின் என்று பெயரிட்டனர். அதன் உரிமைப் பணமாகக் கிடைத்த 130 இலட்சம் டொலருக்கு மேற்பட்ட தொகையில் ஒரு சதமேனும் அவர்கள் தமக்கென எடுக்கவில்லை. முழுவதையும் விஞ்ஞான ஆராய்ச்சிக்கே அளித்தனர். 1966இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரம் வெள்ளத்தில் மூழ்கியபோது, ஓவியங்களிற் பிடித்த பூஞ்சணத்தை நீக்கவும் அம்மருந்து பயன்பட்டது.

ஆயினும் நிஸ்டாட்டினுக்கு ஓர் எல்லை உண்டு. வாயிலும் தோலிலும் குடலிலும் அது நன்கு வேலை செய்யும். குடலிலிருந்து இரத்தத்தினுள் அது செல்லாது. ஊசி மூலம் இரத்தத்தினுள் செலுத்தினால் உடலுக்கே நஞ்சாகும். கொழுந்தின் மேல் தெளித்த செப்பு மருந்தைப் போன்று அது மேற்பரப்பில் நின்று காக்கும் மருந்து. இரத்தத்தினுள் புகுந்த மதுவத்தை எதிர்க்க வேறொரு மருந்து வேண்டியிருந்தது.

அதுவும் மண்ணிலிருந்தே வந்தது. தென்னமெரிக்காவில் வெனிசூவெலா நாட்டில் ஒரினோக்கோ என்னும் பேராறு ஓடுகின்றது. அதன் கரையோரத்தில் எடுக்கப்பட்ட மண்ணில் வாழ்ந்த நுண்ணுயிர் ஒன்றை ஸ்குவிப் நிறுவனத்து ஆராய்ச்சியாளர்கள் பரிசோதித்தனர். 1950களின் நடுப்பகுதியில் அதிலிருந்து இரண்டு பொருள்களைப் பிரித்தனர். அமிலத்தோடும் காரத்தோடும் ஒருங்கே சேரும் இயல்பினால் அவற்றை அம்போதெரிசின் என்றனர். முதலாவதைவிட இரண்டாவது வலிமை மிக்கதாயிருந்தது. அதுவே அம்போதெரிசின் பி. அது நீரில் கரையாதது. ஆகவே பித்த உப்பு வகையொன்றுடன் சேர்த்து, நரம்பு வழியே ஏற்றத்தக்கதாக ஆக்கினர். 1950களின் பிற்பகுதியில் அது வைத்தியசாலைகளுக்கு வந்தது. அதுவரை இரத்தத்தில் மதுவம் புகுந்த நோயாளியைக் கண்டு கைபிசைந்து நின்ற வைத்தியருக்கு முதன்முதலாக ஓர் ஆயுதம் கிடைத்தது.

ஆனால் அது இருபுறமும் கூரான வாள். பங்கசுவின் உயிரணுவைச் சூழ்ந்துள்ள மென்சவ்விலே எர்கோஸ்டெரோல் என்னும் கொழுப்புப் பொருள் இருக்கின்றது. மருந்து அதனைப் பற்றிக்கொண்டு சவ்வைச் சிதைக்கின்றது. மனித உயிரணுவின் சவ்விலோ கொலஸ்டெரோல் இருக்கின்றது. இரண்டும் ஒன்றுக்கொன்று நெருங்கிய உறவுடையவை. ஆகவே மருந்து பகைவனைத் தாக்கும்போது வீட்டுக்காரனையும் ஓரளவு தாக்கிவிடுகின்றது. மருந்து ஏறும்போது குளிரும், உடல் நடுக்கமும், காய்ச்சலும் வரும். சிறுநீரகம் பாதிக்கப்படும். இரத்தத்திலுள்ள பொட்டாசியமும் மக்னீசியமும் குறைந்து போகும். பொட்டாசியம் குறைந்தால் இதயத்தின் துடிப்பே தடுமாறும்.

இம்மருந்தைப் பற்றி நான் அறிய நேர்ந்தது நூல் மூலமாக அன்று. சில ஆண்டுகளுக்கு முன் என் தமக்கையின் கணவர் வயிற்றில் சத்திர சிகிச்சை செய்யப்பட்டு, பல வாரங்கள் வைத்தியசாலையிற் கிடந்தார். காய்ச்சல் தணியவில்லை. இரத்தத்தில் மதுவம் இருக்கின்றது என்றனர். மஞ்சள் நிறமான மருந்தொன்றைத் துளித்துளியாக ஏற்றினர். மாலை நேரம், தோட்டத்துக்குச் செல்லும் கடைசி பஸ் புறப்படும் வேளை. குழாயிலுள்ள சிறு சக்கரத்தைச் சற்றுத் தளர்த்தினால் மருந்து விரைவில் முடிந்துவிடுமே என்று எண்ணி, தாதியிடம் அவ்விதம் செய்யும்படி கேட்டேன். முப்பது வருடம் பிள்ளைகளுக்குப் பொறுமையைப் போதித்த நான் அப்படிக் கேட்டேன்.

அப்பெண் என்னைக் கோபிக்கவில்லை. "சேர், இது சும்மா சேலைன் இல்லை. இதை அவசரப்படுத்தினா அவருடைய இருதயம் தாங்காது. நாலு மணித்தியாலம் எடுக்கத்தான் வேணும். நீங்க போங்க சேர், நான் பார்த்துக்கொள்றேன்" என்றாள். நான் போகவில்லை. அவ்விரவு வாங்கில் அமர்ந்து, துளிகளை எண்ணிக்கொண்டிருந்தேன். அத்தான் பிழைத்து வந்தார். அவரைக் காத்தது மருந்து மட்டும் அன்று, அம்மருந்தின் வேகத்தைக் காத்த அந்தத் தாதியும்தான் என்பதைப் பின்னர்ப் படித்தறிந்தேன்.

அவ்விதம் படித்தறிந்தவற்றுட் சிலவற்றைக் கூறுகின்றேன். அம்போதெரிசினின் பழைய வடிவத்தை இரண்டு முதல் ஆறு மணித்தியாலம் வரை மெதுவாக ஏற்றவேண்டும். அதனைக் கலப்பதற்கு டெக்ஸ்ட்ரோஸ் எனப்படும் சர்க்கரை நீரே உகந்தது. சாதாரண சேலைன் உப்பு நீரிற் கலந்தால் மருந்து திரிந்து படிந்துவிடும். ஆயினும் சிறுநீரகத்தைக் காப்பதற்காக, மருந்துக்கு முன்னர் உப்பு நீரைத் தனியே ஏற்றுவதுண்டு. அப்போதும் இரண்டும் குழாயில் சந்திக்காதபடி இடையே சர்க்கரை நீரால் கழுவிவிடுவர். சிறுநீரகச் சோதனையும், பொட்டாசியம், மக்னீசியம் ஆகியவற்றின் அளவும் அடிக்கடி பார்க்கப்படும். "தினந்தோறும் ஏன் இவ்வளவு இரத்தம் எடுக்கின்றார்கள்?" என்று உறவினர் முறையிடுவதுண்டு. அந்தச் சிறு குப்பி இரத்தமே நோயாளியின் காவற்காரன்.

1990களில் அதே மருந்தைக் கொழுப்புத் துகள்களில் பொதிந்து வழங்கும் புதிய வடிவங்கள் பரவின. இவற்றால் சிறுநீரகத்துக்கு உண்டாகும் கேடு குறைவு. ஆனால் இங்கே ஒரு பெரிய ஆபத்து ஒளிந்திருக்கின்றது. பழைய வடிவத்தில் ஒரு கிலோகிராம் உடல் நிறைக்கு ஒரு நாளில் 1.5 மில்லிகிராமுக்கு மேல் எக்காரணம் கொண்டும் செல்லலாகாது. கொழுப்பில் பொதிந்த வடிவத்திலோ 3 முதல் 5 மில்லிகிராம் வரை கொடுப்பது வழக்கம். இரண்டின் பெயரும் அம்போதெரிசின் பி என்பதே. பெயரை மட்டும் பார்த்து, ஒன்றின் அளவை மற்றொன்றிற் கொடுத்துவிட்டால், இதயம் நின்று உயிர் போகவும் கூடும். அவ்விதமான மரணங்கள் உலகில் நிகழ்ந்துள்ளன. ஆகவேதான், மருந்தின் முழுப் பெயரையும் வடிவத்தையும் அளவையும் இருவர் தனித்தனியே சரிபார்க்க வேண்டும் என்று வற்புறுத்தப்படுகின்றது.

அம்போதெரிசினுக்குப் பின் வந்த மருந்துகளையும் சிறிது நோக்குவோம். இங்கிலாந்தின் கென்ட் பகுதியிலுள்ள சாண்ட்விச் என்னும் ஊரில், ஃபைசர் ஆராய்ச்சிக்கூடத்தில், ரிச்சர்ட்சன் என்பவரின் குழுவினர் ஃபுளுகொனசோல் என்னும் மருந்தை உருவாக்கினர். அது 1980களின் இறுதியில் வழக்கத்துக்கு வந்தது. பக்கவிளைவு குறைவு, விலையும் பின்னர்க் குறைந்தது. இம்மருந்தைப் பற்றி நம்மவர் அறியவேண்டிய செய்தி ஒன்று உண்டு. நம் தோட்டங்களில் "மாத்திரை எதற்கு? ஊசி போட்டால்தான் நோய் போகும்" என்னும் எண்ணம் வேரூன்றியிருக்கின்றது. ஃபுளுகொனசோலை வாயால் உட்கொண்டாலும் அதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இரத்தத்தைச் சேர்ந்துவிடும். விழுங்க இயலும் நோயாளிக்கு மாத்திரையும் ஊசியும் இம்மருந்தில் ஏறக்குறைய ஒன்றே. தேவையற்ற ஊசியோ நோய்க் கிருமி நுழைவதற்கு மற்றொரு வழியைத் திறக்கும். வைத்தியர் ஊசியை நிறுத்தி மாத்திரைக்கு மாற்றினால், நோயாளியை அவர் அலட்சியம் செய்கின்றார் என்று எண்ணுதல் தவறு. அது குணமடைவதன் அறிகுறி.

ஃபுளுகொனசோல் சாதுவான மருந்து என்றாலும் எச்சரிக்கை வேண்டும். இரத்தம் உறையாதிருக்க உட்கொள்ளும் வோர்ஃபரின், நீரிழிவுக்கான சில மாத்திரைகள், வலிப்புக்கான ஃபெனிடோயின் ஆகியவற்றின் வேகத்தை அது கூட்டிவிடும். கர்ப்பத்தின் முதல் மூன்று மாதங்களில் பெரிய அளவில் நெடுநாள் உட்கொண்டால் சிசுவுக்குக் கேடு உண்டாகலாம் என்று 2011இல் அமெரிக்க மருந்து அதிகார சபை எச்சரித்தது. கர்ப்பிணிக்கு இரத்தத்தில் பங்கசு நோய் வந்தால், கடுமையானது என்று நாம் சொன்ன அம்போதெரிசினையே வைத்தியர் பெரும்பாலும் நாடுவர். ஆகவே, நோயாளி கர்ப்பிணி என்பதையும், வேறு என்னென்ன மருந்து உட்கொள்கின்றார் என்பதையும் மறைக்காமற் சொல்வது உறவினரின் கடமை.

மூன்றாவது வகை மருந்துகள் பங்கசுவின் சுவரையே தகர்ப்பவை. ஸ்பெயின் நாட்டில் மட்ரிட் நகருக்கு அண்மையிலுள்ள லொசோயா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கண்டெடுக்கப்பட்ட ஒரு பங்கசுவிலிருந்து காஸ்போஃபங்கின் என்னும் மருந்து உருவாயிற்று. 2001இல் அமெரிக்காவில் அதற்கு அனுமதி கிடைத்தது. மனித உயிரணுவுக்குச் சுவர் கிடையாது. ஆகவே இம்மருந்தால் நமக்கு உண்டாகும் தீங்கு மிகக் குறைவு. இரத்தத்தில் கன்டிடா புகுந்தவருக்கு முதலிற் கொடுக்கத்தக்க மருந்தாக இவ்வகையே இன்று கருதப்படுகின்றது. இதனை ஏறத்தாழ ஒரு மணித்தியாலத்தில் ஏற்றுவர். இதிலும் ஒரு புதுமை உண்டு. அம்போதெரிசினைச் சர்க்கரை நீரிலே மட்டும் கலக்கவேண்டும். காஸ்போஃபங்கினைச் சர்க்கரை நீரில் ஒருபோதும் கலக்கலாகாது. ஒன்றின் விதி மற்றொன்றுக்கு நேர்மாறு. அனுபவத்தால் வந்த பழக்கத்தை நம்பாமல், ஒவ்வொரு முறையும் ஏட்டைப் பார்த்துச் செய்யவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல உதாரணம் வேண்டுமோ? இம்மருந்து கண்ணுக்குள்ளும் மூளைக்குள்ளும் சிறுநீருக்குள்ளும் போதிய அளவு செல்வதில்லை. ஆதலின் நோய் எங்கே தங்கியிருக்கின்றது என்று கண்டறிவதும் சிகிச்சையின் ஒரு பகுதியாகும். இரத்தத்தில் கன்டிடா புகுந்தவருக்குக் கண் பரிசோதனை செய்வது இதனாலேயே.

மருந்து மட்டும் போதாது. நரம்பிலே பொருத்திய குழாயில் மதுவம் படிந்து கொண்டால், இயன்றவரை விரைவில் அக்குழாயை அகற்றவேண்டும். இரத்தத்தில் மதுவம் இல்லை என்று சோதனை காட்டிய நாளிலிருந்து மேலும் 14 நாட்கள் மருந்தைத் தொடரவேண்டும் என்பது பொதுவான விதி. காய்ச்சல் தணிந்துவிட்டது, வீட்டில் வேலை கிடக்கின்றது, சம்பளம் போகின்றது என்று இடையிலே பெயர் வெட்டிக்கொண்டு வருவது, எரியும் தணலைச் சாம்பலால் மூடிவிட்டு வருவதற்கு ஒப்பாகும்.

இலங்கையும் இவ்வகைத் துயரை அனுபவித்த நாடே. 2005ஆம் ஆண்டில் கொழும்பில், முள்ளந்தண்டில் மயக்க மருந்து ஏற்றப்பட்டவர்களுட் சிலருக்கு மூளைச் சவ்வில் பங்கசு நோய் கண்டது. சத்திர சிகிச்சையாற் பிள்ளை பெற்ற தாய்மாரும் அவர்களுள் இருந்தனர். சிலர் உயிரிழந்தனர். அது கன்டிடா அன்று; அஸ்பெர்ஜிலஸ் என்னும் வேறொரு பங்கசு. சுனாமிக்குப் பிந்திய அந்தக் காலத்தில் தகாத முறையிற் சேமித்து வைக்கப்பட்டிருந்த ஊசிக்குழல்களை நோக்கியே விசாரணை சென்றது. மருந்து தூயதாயிருப்பது போதாது. அதனை ஏற்றும் ஊசியும், அவ்வூசி கிடந்த களஞ்சியமும் தூயனவாயிருத்தல் வேண்டும்.

அயல் நாடாகிய இந்தியாவில் 2021இல் கொரோனாத் தொற்றின் பின் கரும்பங்கசு நோய் பரவி, 40 ஆயிரம் பேருக்கு மேல் பாதிக்கப்பட்டனர். நீரிழிவு மிகுந்தவரும், ஸ்டெரொயிட் மருந்தை அளவுமீறிப் பெற்றவருமே அதிகம் துன்புற்றனர். அம்போதெரிசினுக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. உறவினர் ஒரு குப்பி மருந்துக்காக நகரம் நகரமாக அலைந்தனர். நம் நாட்டிலும் 2022ஆம் ஆண்டுப் பொருளாதார நெருக்கடியின்போது மருந்துத் தட்டுப்பாட்டின் கசப்பை நாம் அறிந்தோம். மருந்து கண்டுபிடிக்கப்படுவது ஒன்று. அது ஏழையின் கட்டிலருகே வந்து சேர்வது மற்றொன்று.

பங்கசுவும் சும்மா இருக்கவில்லை. 2009இல் ஜப்பானில் ஒரு மூதாட்டியின் காதிலிருந்து கன்டிடா ஓரிஸ் என்னும் புதிய மதுவம் பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகளுக்குள் அது பல கண்டங்களில் தோன்றிற்று. மருந்துகள் பலவற்றை எதிர்த்து நிற்கும் அது, கட்டிலிலும் கருவியிலும் ஒட்டிக்கொண்டு நோயாளிக்கு நோயாளி பரவும். 2022 ஒக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் மனிதரைத் தாக்கும் 19 பங்கசுகளின் பட்டியலை முதன்முறையாக வெளியிட்டது. மிகக் கொடியன என்று அதில் குறிக்கப்பட்ட நான்கனுள் இரண்டு கன்டிடாக்கள். தேவையின்றி நுண்ணுயிர்கொல்லிகளை உட்கொள்வதும், பழைய சீட்டைக் காட்டி மருந்து வாங்குவதும், கைகழுவாமல் நோயாளியைத் தொடுவதும் இப்பகைவனுக்கு நாமே செய்யும் உபசாரங்கள்.

நேயர்களே, 1872ஆம் ஆண்டில் தோட்டத் தொழிலாளரின் வைத்தியத் தேவைக்கென்று இந்நாட்டில் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இயற்றிய பின்னரும், லயத்திலிருந்து வைத்தியசாலைக்கு நோயாளியைக் கம்பளியிற் கட்டித் தூக்கிச் சென்ற காலம் நெடிது நீண்டது. இன்று வீதிகளும் வாகனங்களும் வைத்தியசாலைகளும் முன்னிலும் பெருகியுள்ளன. ஆயினும் வைத்தியரிடம் கேள்வி கேட்க அஞ்சும் நம் வழக்கம் மட்டும் மாறவில்லை. "ஐயா, இது என்ன மருந்து? எவ்வளவு நேரம் ஏறவேண்டும்? எதைக் கண்டால் உங்களை அழைக்கவேண்டும்?" என்னும் மூன்று கேள்விகளைப் பணிவுடன் கேட்பது குற்றமாகாது. மருந்து ஏறும்போது நடுக்கமோ, மூச்சுத் திணறலோ, நெஞ்சுத் துடிப்போ கண்டால் உடனே தாதியை அழையுங்கள். சிறுநீர் குறைந்தால் சொல்லுங்கள். குழாயின் சக்கரத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இரண்டு பெண்மணிகள் சாடியிலிட்ட மண்ணைத் தபாலில் அனுப்பிக் காத்திருந்த பொறுமையிலே பங்கசு மருந்தின் வரலாறு தொடங்கிற்று. நோயாளியின் அருகே அமர்ந்து, துளி துளியாக இறங்கும் மருந்தைப் பார்த்திருக்கும் நாமும் அதே பொறுமையைக் கைக்கொள்ளவேண்டியவர்களே. கடைசி பஸ் போனால் மறுநாட் காலையில் முதல் பஸ் வரும்.